தண்டுகளைக் கழற்றாதீர்கள்

(இஸ்ரவேலரின் பரிசுத்த ஸ்தலப் பணிமுட்டுகள் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசித்து முடிப்பது என்று புத்தாண்டில் தீர்மானம் எடுப்பவர்கள் பலர். ஆதியாகமம் கதையாக ஓடிவிடும். யாத்திராகமத்திலும் செங்கடலைத் தாண்டி சீனாய் மலை வரை சிக்கல் இல்லை. 25ஆம் அதிகாரம் வந்ததும் வாசிப்பு நொண்டத் தொடங்கும். முழக்கணக்கு, வளையம், கொக்கி, பாதம், தாழ்ப்பாள் என்று ஒரு தச்சுப்பட்டறைக் குறிப்பேடு போல நீளும் பக்கங்கள் அவை. அங்கே புத்தகத்தை மூடியவர்கள் இந்த அரங்கிலும் சிலராவது இருப்பீர்கள்.

வானமும் பூமியும் உண்டான வரலாற்றுக்கு ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஒதுக்கியிருப்பது 31 வசனங்கள். வனாந்தரத்தில் நின்ற ஒரு கூடாரத்துக்கும் அதன் பணிமுட்டுகளுக்கும் யாத்திராகமம் 25 முதல் 31 வரை, மறுபடி 35 முதல் 40 வரை, ஆக ஏறக்குறைய 13 அதிகாரங்கள். இப்படிச் செய் என்று ஒரு முறை. அப்படியே செய்தார்கள் என்று இன்னொரு முறை. பொருள்களை இத்தனை நுணுக்கமாக எழுதிவைத்த அதே மக்கள் பிற்காலத்தில் அவற்றை ஒன்றுவிடாமல் இழந்தார்கள். இழந்த பிறகும் அவர்களுடைய வழிபாடு அழியவில்லை. இது எப்படி நடந்தது? பதில் அந்தப் பொருள்களின் அமைப்பிலேயே, நாம் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு சின்னக் குறிப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் சொற்களையே பயன்படுத்துகிறேன். ஆசரிப்புக் கூடாரம் என்று நான் சொல்வதைக் கத்தோலிக்க அன்பர்கள் சந்திப்புக் கூடாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடன்படிக்கைப் பெட்டி உங்களுக்குப் பேழை.

முதலில் உள்ளே போய்ப் பார்த்துவிடுவோம். பிராகாரம் 100 முழ நீளம், 50 முழ அகலம். வாசலைத் தாண்டியதும் வெண்கலத் தகடு போர்த்திய பலிபீடம். 5 முழச் சதுரம், 3 முழ உயரம், நான்கு மூலைகளிலும் கொம்புகள். அதையடுத்து ஆசாரியர்கள் கைகால் கழுவும் வெண்கலத் தொட்டி. கூடாரத்துக்குள் நுழைந்தால் முதல் அறை பரிசுத்த ஸ்தலம். வலப்புறம், அதாவது வடக்கே, பொன்தகடு போர்த்திய மேசை. அதன்மேல் ஆறாறாக இரண்டு வரிசையில் 12 சமுகத்தப்பங்கள். இடப்புறம், தெற்கே, ஒரு தாலந்து பசும்பொன்னில் அடித்துச் செய்த குத்துவிளக்கு. ஒரு தண்டு, ஆறு கிளைகள், ஏழு அகல்கள், வாதுமைப் பூவும் மொட்டுமாக வேலைப்பாடு. நேர் எதிரே திரைச்சீலைக்கு முன்பாகத் தூபபீடம். திரைக்கு அப்பால் மகா பரிசுத்த ஸ்தலம். அங்கே இருப்பது உடன்படிக்கைப் பெட்டி ஒன்றுதான்.

அந்தப் பெட்டி எவ்வளவு பெரியது? இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம். முழத்துக்கு ஒன்றரை அடி என்று வைத்தால் நான்கடிக்குச் சற்றுக் குறைந்த நீளம். நம் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. சீத்தீம் மரத்தில் செய்து உள்ளும் புறமும் பொன் பூசியது. மேலே பசும்பொன் மூடி, அதுவே கிருபாசனம். மூடியின் இரு முனைகளிலும் சிறகு விரித்த இரண்டு கேருபீன்கள், ஒன்றையொன்று நோக்கியபடி. பெட்டிக்குள் பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள். பெட்டிக்கு மேலே, சிறகுகளுக்கு நடுவே, ஒன்றும் இல்லை.

அண்டை நாடுகளில் இந்த வடிவம் புதிதல்ல. சிறகுள்ள விலங்குருவங்கள் இருபுறமும் தாங்கும் சிம்மாசனத்தில் அரசன் அமர்ந்திருப்பதை பிப்லோஸ் மன்னன் அகீராமின் கல்சவப்பெட்டியில் செதுக்கியிருக்கிறார்கள். மெகிதோவில் கிடைத்த தந்தச் செதுக்கலிலும் அதே காட்சி. எகிப்தில் 1922இல் திறக்கப்பட்ட துத்தன்காமூன் கல்லறையில் சுமந்து செல்லத் தண்டுகள் பொருத்திய பெட்டியும், தண்டுகள்மேல் நின்ற அனூபிஸ் தெய்வத்தின் பேழையும் இருந்தன. ஆக, தச்சருக்கும் பொற்கொல்லருக்கும் வடிவம் தெரிந்ததுதான். வேறுபாடு எங்கே? அங்கெல்லாம் ஆசனத்தில் அரசனோ தெய்வமோ இருக்கிறது. இங்கே ஆசனம் காலி. கேருபீன்களுக்கு நடுவே வீற்றிருப்பவர் என்று கடவுளைப் பாடுவார்கள். ஆனால் அங்கே உருவம் வைக்கமாட்டார்கள்.

இதற்கெல்லாம் பொருள் எங்கிருந்து வந்தது? யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஒரு தணிக்கைக் கணக்கே இருக்கிறது. பொன் 29 தாலந்து 730 சேக்கல். வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல். இந்த வெள்ளிக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 6,03,550 பேர். தலைக்கு அரை சேக்கல். மொத்தம் 3,01,775 சேக்கல். தாலந்துக்கு 3,000 சேக்கல் வீதம் வகுத்தால் சரியாக 100 தாலந்து, மீதி 1,775 சேக்கல். ஒரு சேக்கல்கூடப் பிசகவில்லை. அந்த 100 தாலந்தை வார்த்து 100 பாதங்கள் செய்தார்கள். கூடாரப் பலகைகள் 48, பலகைக்கு இரண்டு வீதம் 96 பாதங்கள். திரை தொங்கும் நான்கு தூண்களுக்கு நான்கு. மீதி வெள்ளி பிராகாரத் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் போயிற்று.

பொன்னை மனமுள்ளவர்கள் மனம்போலக் கொடுத்தார்கள். பணக்காரர் அதிகம் கொடுத்திருப்பார்கள். அரை சேக்கல் விஷயத்தில் மட்டும் ஐசுவரியவான் கூட்டவும் கூடாது, தரித்திரன் குறைக்கவும் கூடாது என்று கட்டளை. பொன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மின்னுகிறது. ஆனால் அந்தப் பொன் போர்த்திய பலகைகள் நிற்பது எல்லோரும் சமமாகக் கொடுத்த வெள்ளியின்மேல். மணலில் புதைந்திருக்கும் அந்த 100 பாதங்களை நான் பெட்டிக்கு அடுத்தபடியாக மதிக்கிறேன். தொட்டிக்கும் இப்படி ஒரு பின்கதை உண்டு. கூடாரவாசலில் பணிசெய்த பெண்களின் வெண்கல முகக்கண்ணாடிகளைக் கொண்டு அதைச் செய்தார்கள் என்கிறது அதே அதிகாரம். வேலையை முன்னின்று நடத்தியவர்கள் யூதா கோத்திரத்துப் பெசலெயேலும் தாண் கோத்திரத்து அகோலியாபும்.

இனி, நான் சொல்லவந்த சின்னக் குறிப்பு. பெட்டி, மேசை, பலிபீடம், தூபபீடம் ஆகிய நான்குக்கும் வளையங்களும் தண்டுகளும் உண்டு. பெட்டிக்கு மட்டும் ஒரு தனிக் கட்டளை சேர்கிறது: அதன் தண்டுகள் வளையங்களிலேயே இருக்கவேண்டும், எப்போதும் கழற்றக்கூடாது. உள்ளதிலேயே மிகப் புனிதமான பொருள், அதிகம் அசையாமல் இருக்கவேண்டியது என்று நாம் நினைக்கும் பொருள், எந்த நேரமும் புறப்படத் தயாராக இருக்கிறது.

புறப்படும் முறையை எண்ணாகமம் 4ஆம் அதிகாரம் விவரிக்கிறது. பாளயம் பெயரும்போது ஆரோனும் அவன் குமாரரும் உள்ளே போய், மறைவுத் திரையையே இறக்கி அதனால் பெட்டியை மூடுவார்கள். அதன்மேல் ஒரு தோல்மூடி. அதற்கும் மேலே முழுதும் நீலத் துணி. மற்றப் பொருள்களுக்குத் துணி உள்ளே, தோல் வெளியே. பெட்டிக்கு மட்டும் நீலம் வெளியே. பாலைவனத்தில் நீண்டு செல்லும் வரிசையில் எது பெட்டி என்று தூரத்திலிருந்தே தெரியும். மூடி முடித்த பிறகே லேவியரில் கோகாத் வம்சத்தார் வந்து தோளில் தூக்குவார்கள். மற்ற லேவியருக்கு வண்டியும் மாடும் கொடுத்த மோசே, கோகாத்தியருக்கு வண்டி கொடுக்கவில்லை. அவர்கள் சுமப்பது தோளில் சுமக்கவேண்டியது.

இந்த விதி எவ்வளவு முக்கியம் என்பது பிறகுதான் தெரிகிறது. தாவீது பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர எண்ணி, புது வண்டி ஒன்றில் ஏற்றினான். வழியில் மாடுகள் மிரண்டன, பெட்டி சரியும் என்று வண்டியை ஓட்டிய ஊசா கைநீட்டிப் பிடித்தான், அங்கேயே இறந்தான். நல்லெண்ணத்தோடு கைகொடுத்தவனுக்கா இந்தக் கதி என்று வாசிக்கும் எவரும் கேட்பார்கள். தாவீதே மனம் கசந்து, பெட்டியை மூன்று மாதம் ஓபேத் ஏதோமின் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். நாளாகமத்தின் ஆசிரியர் காரணம் சொல்கிறார்: முறைப்படி சுமக்கவில்லை. அடுத்த முறை லேவியர் தண்டுகளைத் தோள்மேல் வைத்துச் சுமந்தார்கள். வண்டியில் ஏற்றி அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள் இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெலிஸ்தர் கைக்குப் பெட்டி எப்படிப் போயிற்று? போரில் தோற்ற இஸ்ரவேலின் மூப்பர்கள், சீலோவிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்தால் அது நம்மை ரட்சிக்கும் என்று யோசனை சொன்னார்கள். பெட்டி பாளயத்துக்கு வந்தது, ஆரவாரம் எழுந்தது, முன்னைவிடப் பெரிய தோல்வி வந்தது. பெட்டி பிடிபட்டது, செய்தி கேட்டு ஆசாரியன் ஏலி பின்னால் சாய்ந்து விழுந்து செத்தான். சாமுவேல் புத்தகம் இதைப் பூசிமெழுகாமல் எழுதுகிறது. பெட்டியை வைத்திருப்பதால் கடவுளைக் கைக்குள் வைத்திருப்பதாக ஆகிவிடாது. பெலிஸ்தரின் அஸ்தோத் நகரில் அவர்கள் தெய்வமான தாகோனின் சிலை முகங்குப்புற விழுந்து உடைந்ததும், கன்றுகளைப் பிரிந்த இரண்டு கறவைப் பசுக்கள் யாரும் ஓட்டாமலே வண்டியை பெத்ஷிமேசுக்கு இழுத்துவந்ததும் அதே கதையின் மறுபாதி. மனிதர் கொண்டுபோனபோது தோற்றது. தானாகத் திரும்பி வந்தது.

சாலொமோன் காலத்தில் கூடாரம் போய்க் கல்கட்டடம் வந்தது. 60 முழ நீளம், 20 முழ அகலம். ஒரு குத்துவிளக்குக்குப் பதில் பத்து. வெண்கலக் கடல் என்ற பெயரில் விளிம்புக்கு விளிம்பு 10 முழம் அகன்ற பிரமாண்டத் தொட்டி, 12 வெண்கல எருதுகளின் முதுகில். வாசலில் யாகீன், போவாஸ் என்ற இரண்டு தூண்கள். செய்தவன் தீருவைச் சேர்ந்த ஈராம் என்ற கைவினைஞன். எல்லாம் பெரிதாயிற்று. இந்த ஆடம்பரத்தின் நடுவே ராஜாக்கள் புத்தகம் ஒன்றைக் குறித்துவைக்கிறது: பெட்டியின் தண்டுகள் நீளமாக இருந்ததால் அவற்றின் முனைகள் பரிசுத்த ஸ்தலத்திலிருந்து பார்த்தால் தெரிந்தன. இனி எங்கும் போகத் தேவையில்லை என்று கட்டிய மாளிகையிலும் தண்டுகளைக் கழற்றவில்லை.

இந்தப் பக்கங்களெல்லாம் எப்போது எழுதப்பட்டன என்பதில் அறிஞர்களுக்குள் நெடுநாள் வாதம். யாத்திராகமத்தின் கூடாரப் பகுதியை ஆசாரிய மரபினர் பாபிலோன் சிறைவாச காலத்தை ஒட்டி எழுதி முடித்தார்கள் என்பது பலருடைய கருத்து. கூடார அமைப்பு, காதேஸ் போர்ச் சிற்பங்களில் காணும் எகிப்திய மன்னன் இரண்டாம் ராமசேஸின் பாளயத்தை ஒத்திருப்பதால் பழைய நினைவு ஒன்று அதில் இருக்கிறது என்பது வேறு சிலர் கருத்து. இரண்டும் ஒன்றையொன்று முழுதாக மறுக்கவேண்டியதில்லை. சிறைவாச காலத்தில் ஒருவர் இதை எழுதிக்கொண்டிருந்தார் என்று கற்பனை செய்து பாருங்கள். ஆலயம் எரிந்து கிடக்கிறது. அப்போது அவர் கொக்கிகளை எண்ணி எழுதுகிறார். தண்டுகளைக் கழற்றாதே என்று எழுதுகிறார். அந்தப் பக்கங்களின் சலிப்பூட்டும் நுணுக்கம் அப்போது வேறுவிதமாகப் புரியும்.

மண்ணிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. யூதாவின் தெற்கு எல்லையில் ஆராத் கோட்டை. அங்கே 1960களில் யோகனான் அகரோனி அகழ்ந்தபோது ராஜாக்கள் காலத்துச் சிறு கோயில் ஒன்று வெளிப்பட்டது. உள்ளறை வாசலில் சுண்ணாம்புக்கல்லில் இரண்டு தூபபீடங்கள். ஒன்று அரை மீட்டருக்குச் சற்று மேல், மற்றது அதைவிடக் குட்டை. அவற்றின் தலையில் கறுத்த படிவு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படிவின் வேதியியல் ஆய்வு முடிவு 2020இல் வெளியானது. பெரிய பீடத்தில் சாம்பிராணி, விலங்குக் கொழுப்பு கலந்தது. சின்னதில் கஞ்சா, சாணம் கலந்து மெதுவாகப் புகைய வைத்தது. யாத்திராகமம் தூபவர்க்கத்துக்குச் சமநிறையில் செய்முறை சொல்லி, அந்நிய தூபம் கூடாது என்று எச்சரிக்கிறது. ஆராத்தைப் பார்த்த பிறகு அந்த எச்சரிக்கைக்குத் தேவை இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இழப்புகளின் கதைக்கு வருவோம். யூதாவின் ஆகாஸ் ராஜா அசீரியனுக்குப் பயந்து வெண்கல எருதுகளைக் கழற்றினான். அடுத்து ஆண்ட எசேக்கியா, மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே ஜனங்கள் தூபம் காட்டுவதைக் கண்டு அதை உடைத்துப் போட்டான். புனிதப் பொருள் சிலையாக மாறினால் உடைக்கலாம் என்று தீர்மானித்த துணிவு அது. கி.மு. 586இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை ஆலயத்தை எரித்தது. 18 முழ உயரத் தூண்களையும் வெண்கலக் கடலையும் உடைத்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோனதை எரேமியா புத்தகத்தின் கடைசி அதிகாரம் பட்டியல் போடுகிறது. கலங்கள், கரண்டிகள், கத்திகள்வரை பெயர் இருக்கிறது. உடன்படிக்கைப் பெட்டியின் பெயர் இல்லை.

அந்த மௌனத்திலிருந்துதான் கதைகள் முளைத்தன. எரேமியா அதை மலைக்குகையில் ஒளித்துவைத்தார் என்கிறது மக்கபேயர் இரண்டாம் நூல். அக்சூமில் தங்களிடம் இருக்கிறது என்கிறது எத்தியோப்பிய மரபு; அங்குள்ள ஒவ்வொரு தேவாலயத்திலும் கற்பலகைகளின் நினைவாகத் தாபோத் என்ற பலகையை வைக்கிறார்கள்.

பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் இரண்டாம் ஆலயத்தைக் கட்டினார்கள். பெர்சிய மன்னன் கோரேசு 5,400 பொன், வெள்ளிக் கலங்களைத் திருப்பிக் கொடுத்தான் என்கிறது எஸ்றா. மகா பரிசுத்த ஸ்தலத்தில் பெட்டி இல்லை. புதிதாக ஒன்றைச் செய்து வைக்கவும் இல்லை. அங்கே தரைக்கு மேல் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு கல் இருந்தது, அதன்மேல் பிரதான ஆசாரியன் தூபகலசத்தை வைப்பான் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா குறிக்கிறது. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பே எருசலேமைப் பிடித்து உள்ளே நுழைந்தான். உள்ளே தெய்வ உருவம் எதுவும் இல்லை, வெற்றிடம்தான் என்று ரோமில் செய்தி பரவியதை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். ஒருவகையில் அவர் சொன்னது சரி. சிறகுகளுக்கு நடுவே தொடக்கத்திலிருந்தே இருந்தது அந்த வெற்றிடம்தான்.

மற்றப் பொருள்களைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். கி.மு. 169இல் சிரிய மன்னன் அந்தியோக்கஸ் எப்பிபானஸ் விளக்கையும் மேசையையும் பொற்பீடத்தையும் கொள்ளையிட்டான். கி.மு. 164இல் யூதக் கிளர்ச்சித் தலைவன் யூதா மக்கபே ஆலயத்தைச் சுத்திகரித்து மறுபடி விளக்கேற்றினான். ஹனுக்கா பண்டிகை அதன் நினைவு. பொன் வாங்க வசதியில்லாமல் முதலில் இரும்புக் கம்பிகளால் விளக்குச் செய்து ஈயம் பூசினார்கள், கை கொஞ்சம் தாராளமானபோது வெள்ளியில், பிறகு பொன்னில் என்று யூத மரபு நூலான தல்மூத் சொல்கிறது. ஒரு தாலந்து பசும்பொன் என்பது வேதவாக்கு. ஆனாலும் பொன் சேரும்வரை இருட்டில் காத்திருக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

கி.பி. 70இல் ரோமத் தளபதி டைட்டஸ் ஆலயத்தை அழித்தான். அடுத்த ஆண்டு ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தை நேரில் கண்டவர் யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ். மேசையும் விளக்கும் கடைசியில் நியாயப்பிரமாணச் சுருளும் கொண்டுவரப்பட்டதை அவர் எழுதுகிறார். ரோமில் நிற்கும் டைட்டஸ் வளைவின் உட்சுவரில் அந்தக் காட்சி இன்றும் இருக்கிறது. அதன் அருகில் போய்ப் பாருங்கள். தலையில் இலைமாலை சூடிய ரோமர்கள் விளக்கையும் மேசையையும் தண்டுகளில் ஏற்றித் தோளில் சுமந்து போகிறார்கள். கோகாத்தியரின் வேலையை வெற்றி பெற்ற படை செய்கிறது. 2012இல் அந்தச் சுவரை ஆராய்ந்தவர்கள் விளக்கின்மேல் மஞ்சள் காவி நிறமியின் தடயத்தைக் கண்டார்கள். இன்று வெளிறிய கல்லாகத் தெரிவது அன்று பொன்னிறத்தில் ஒளிர்ந்திருக்கிறது. அவமானத்தின் சின்னமாகச் செதுக்கிய அதே விளக்கின் வடிவத்தை 1949இல் இஸ்ரேல் தன் அரசுச் சின்னத்தில் எடுத்துக்கொண்டது.

பொருள்கள் போன பிறகு வழிபாடு எங்கே குடிபெயர்ந்தது? யூத மரபு அதை வீட்டுக்கும் ஜெபாலயத்துக்கும் கொண்டுபோனது. பலிபீடம் இருந்தபோது அது பாவநிவிர்த்தி செய்தது, இப்போது ஒருவன் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஏழைக்குப் பரிமாறுவது அதைச் செய்கிறது என்பது தல்மூத் ரபீமாரின் போதனை. ஆலய விளக்கைப் போல ஏழு கிளைகளில் செய்துகொள்ளக் கூடாது என்றும் தடுத்தார்கள். ஹனுக்கா விளக்கில் எட்டுச் சுடர்களும் ஏற்றும் சுடர் ஒன்றும் இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஜெபாலயத்தில் தோரா சுருள் வைக்கும் பேழையும் அதன்முன் தொங்கும் திரையும் பழைய அறையின் நினைவுகள். தொலைவில் போகவேண்டாம், 1568இல் கட்டிய கொச்சி மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்திலேயே அவற்றைக் காணலாம்.

கிறிஸ்தவ மரபு வேறு வழி போயிற்று. இயேசு மரித்தபோது தேவாலயத் திரைச்சீலை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று சுவிசேஷங்கள் சொல்கின்றன. எபிரெயருக்கு எழுதின நிருபம், அந்தத் திரை அவருடைய மாம்சம் என்று விளக்குகிறது. அந்த நிருபத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அதன் ஆசிரியர் பேசுவது எருசலேம் ஆலயத்தைப் பற்றி அல்ல. முழுக்க முழுக்க வனாந்தரக் கூடாரத்தைப் பற்றியே. இங்கே நமக்கு நிலையான நகரம் இல்லை என்ற பொருளில் அவர் கடைசியில் சொல்வதற்கு, நகரும் கூடாரம்தான் பொருந்தும். வெளிப்படுத்தின விசேஷம் ஒரு படி மேலே போய், புதிய எருசலேமில் தேவாலயமே இல்லை என்கிறது.

நம் பிரசங்க மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முளைக்கும் ஒவ்வொரு கயிறுக்கும் ஓர் ஆவிக்குரிய அர்த்தம் சொல்லிவிடுவோம். நீலம் என்றால் இது, சிவப்பு என்றால் அது. அந்தப் போதகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம்: அர்த்தத்துக்குத் தாவுமுன் பொருளை அதன் வேலையோடு பாருங்கள். மேசையில் ஓய்வுநாள்தோறும் அப்பம் மாற்றவேண்டும். எடுத்த அப்பத்தை ஆசாரியர்கள் சாப்பிடவேண்டும். விளக்குக்கு ஒவ்வொரு சாயங்காலமும் இடித்துப் பிழிந்த ஒலிவ எண்ணெய் ஊற்றவேண்டும். தொட்டியில் தண்ணீர் நிறைக்கவேண்டும். இவை யாவும் தொடர்ந்து உழைப்பைக் கேட்கும் பொருள்கள். சும்மா வைத்துப் பார்க்க ஒன்றுகூட அங்கே இல்லை. ஆகவேதான் பொருள் போனாலும் வேலை மிஞ்சியது. வேலை வேறு கைகளுக்கும் வேறு மேசைகளுக்கும் மாறியது.

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை யாராவது உடன்படிக்கைப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வருகிறது. வரும்போது எரேமியா 3ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தைத் திறந்து வாசியுங்கள். ஜனங்கள் இனி அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசமாட்டார்கள், நினைக்கமாட்டார்கள், தேடமாட்டார்கள், மறுபடி செய்யவும்மாட்டார்கள் என்று தீர்க்கதரிசி சொல்வது சாபமாக அல்ல, நல்வாக்காக. பெட்டி கிடைத்தால் அருங்காட்சியகத்துக்குப் பெருமை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே அரை சேக்கல் என்ற கணக்கை எந்தக் குகையிலும் தோண்டவேண்டியதில்லை. அது யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் அச்சிட்டபடி இருக்கிறது. நடைமுறைக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி.